படத்தின் மூலையில் கறுப்பு நாடா

மோசுல் நகரத்தில் ஆற்றின் இடக்கரையில், ஸுஹூர் பேட்டையில் யாரைக் கேட்டாலும் இப்திஹால் டீச்சர் வீட்டைக் காட்டிவிடுவார்கள். கூடவே ஒரு எச்சரிக்கையும் கிடைக்கும். போட்டோக்களை நன்றாகத் துடைத்து எடுத்துப் போங்கள், எண்ணெய்ப் பிசுக்கோடு கொடுத்தால் திட்டு வாங்குவீர்கள் என்பார்கள். பொய் இல்லை, திட்டுவாள். பேட்டையில் பாதிப் பெண்கள் அவளிடம் படித்தவர்கள் என்பதால், இரண்டு பிள்ளை பெற்றவளைக்கூடக் கடைசி பெஞ்சு மாணவி மாதிரி நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள்.

பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவள் அவள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கம்ப்யூட்டரில் பொழுதுபோக்காக ஆரம்பித்ததுதான் இந்த வேலை. கல்யாணத்துக்கு, பட்டம் வாங்கியதற்கு, ஹஜ் முடித்து வருகிறவர்களுக்கு என்று பழைய போட்டோக்களை வரிசையாக ஓடவிட்டு, பின்னால் இசை சேர்த்து, வீட்டார் ஒருவரின் குரலில் கதை சொல்ல வைத்து ஒரு படக்காட்சி செய்து கொடுப்பாள். ஸ்டூடியோக்காரர்களும் இதைச் செய்வார்கள். ஆனால் அவர்கள் ஆண்கள். வீட்டுக்குள் தலை மூடாமல் எடுத்த படங்களை எந்தத் தாய் கொண்டுபோய் அந்நிய ஆண் கையில் கொடுப்பாள்? அதனால் இப்திஹாலுக்கு வேலை குறைந்ததே இல்லை. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், ஊர்க் கல்யாணத்தையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒருத்திக்கு இது போதாதா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். தம்பி வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறை அவளுடையது.

வேலையில் அவளுக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. பறக்கும் இதயம், சுழலும் ரோஜா, வெள்ளைப் புறா எதுவும் கிடையாது. கேட்டால், புறா வேண்டுமென்றால் மாடியில் போய் வளர்த்துக்கொள் என்பாள். ஒரு படத்துக்கு ஆறு விநாடி. கைக்குழந்தை படத்துக்கு நாலு போதும், கைக்குழந்தைகள் எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான் என்று பெற்றவளிடமே சொல்வாள். குரல் பதிவுக்கு அவள் குறிக்கும் நேரம் இன்னும் விசித்திரம். அரசாங்க மின்சாரம் போய், தெரு ஜெனரேட்டர் கிளம்புவதற்கு முன்னால் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊரே வாய் மூடிக் கிடக்கும். ஃபேன் ஓடாது, பக்கத்து வீட்டு டிவி கத்தாது. அந்த இடைவெளிக்காக மைக்கைத் தயாராக வைத்துக்கொண்டு, பேச வேண்டியவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காத்திருப்பாள். மின்சாரம் போனதும் ஊரே சபிக்கும்போது அவள் மட்டும் "ம், பேசு" என்பாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிடிவாதம், முடித்த வேலையை முன்கூட்டி யாருக்கும் காட்ட மாட்டாள். காட்டினால் நாத்தனாருக்கு மூன்று படம், எனக்கு ஒன்றா என்று பஞ்சாயத்து தொடங்கிவிடும். மண்டபத்தில் எல்லோரோடும் சேர்ந்து பாருங்கள் என்று சொல்லிவிடுவாள். இருபது வருஷத்தில் அவள் வேலையில் பிழை என்று யாரும் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கறுப்புக் கொடிக்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த மூன்று வருஷமும் இந்த வேலை நின்றது. இசை கூடாது, பெண் முகம் கூடாது, போட்டோவே கூடாது. வீடுகளில் ஆல்பங்களை அடுப்பில் போட்டு எரித்தார்கள். இப்திஹால் தன் ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் கோதுமை நொய் மூட்டைக்குள் புதைத்து, அதே மூட்டையிலிருந்து தினம் ஒரு கிண்ணம் எடுத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். அகப்பட்டிருந்தால் அவளோடு தம்பி குடும்பமும் போயிருக்கும். அவர்களை விரட்டிய சண்டை முடிந்து வலக்கரை முழுக்க இடிந்து கிடந்தபோது, வீட்டோடு ஆல்பமும் போனவர்கள் ஒவ்வொருவராக அவளிடம் வந்தார்கள். டீச்சர், எங்கள் அண்ணன் கல்யாணத்துக்கு நீங்கள் செய்து கொடுத்தீர்களே, அந்தப் படங்கள் இருக்குமா என்று கேட்டார்கள். இருந்தன. ஊருக்கே ஆல்பம் அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது கல்யாணப் படம் அல்ல. போனவனின் முகத்தைப் பெரிதாக்கி, இடது பக்க மேல் மூலையில் குறுக்காகக் கறுப்பு நாடா போட்டுக் கேட்டார்கள். இறந்தவன் படம் என்றால் நாடா இருக்க வேண்டும், அது இங்கே வழக்கம். இப்திஹால் லேசான மினுமினுப்போடு ஒரு நாடாவைத் தானே வரைந்து தனியாகச் சேமித்து வைத்திருந்தாள். எந்தப் படத்தின் மீதும் தூக்கி வைத்தால் பொருந்தும். சண்டை முடிந்த இரண்டு வருஷத்தில் எத்தனை படத்துக்கு வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. தெருவில் நடந்தால் கடைக்குக் கடை, வாசலுக்கு வாசல் அவள் போட்ட நாடா. நாளாக ஆக நாடா கண்ணில் படுவது நின்றுபோயிற்று. சுவரில் ஆண் படம் ஒன்று தொங்கினால் மூலையில் கறுப்பு இருக்கும், அவ்வளவுதான்.

சுந்துஸ் அவளுடைய சிநேகிதி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. வாழ்க்கைப்பட்டது வலக்கரையில், வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் முவஃபக் என்ற தெரு ஜெனரேட்டர்காரனுக்கு. ஆம்பியர் குறைகிறது, வயர் சுடுகிறது என்று ஊரே அவனோடு சண்டை போடும். அவன் சிரித்துக்கொண்டே எல்லோரையும் இன்னும் அரை மணி நேரம் இருட்டில் உட்கார வைப்பான். கொடிக்காரர்கள் காலத்தில் ஒரு நாள் மதியம் இரண்டு பேர் வந்து, வயரில் ஏதோ கோளாறு, வந்து பார் என்று கூப்பிட்டார்கள். வீட்டுச் செருப்போடு போனான். வரவில்லை. அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, எந்தக் குழியிலும் அவன் என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

எட்டு வருஷம் ஆகியும் சுந்துஸ் அவனை இறந்தவன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. கோர்ட்டுக்குப் போய் அப்படி எழுதி வாங்கச் சொன்னவர்களை வாசலோடு அனுப்பினாள். அவன் நம்பர் வேறொருவனுக்குப் போய்விடக் கூடாதென்று மாதாமாதம் அதற்கு ரீசார்ஜ் செய்தாள். யாராவது அவன் பேரை எடுத்துவிட்டு, அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும் என்று இறந்தவர்களுக்குச் சொல்வதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னால், "அல்லாஹ் காப்பாத்தட்டும்னு சொல்லு" என்று அந்த இடத்திலேயே திருத்துவாள். திருத்திச் சொல்லும்வரை விடமாட்டாள். சண்டையில் அவள் வீடும் எரிந்து, மகள் ரஃபலோடு இடக்கரைக்கு வந்து, இப்திஹால் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள்.

முவஃபக்கின் தம்பி கானிம் டயர் கடை வைத்திருந்தான். சண்டை முடிந்த அடுத்த வருஷம் அவன் இப்திஹாலிடம் வந்து, அண்ணன் படம் ஒன்று வேண்டும் என்றான். எரிந்த வீட்டோடு அண்ணன் தம்பி இருவர் படங்களும் போக, முவஃபக்கின் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஆற்றங்கரைத் தோப்புக்கு விருந்து கட்டிக்கொண்டு போனபோது எடுத்தது, கானிமின் கல்யாணப் படக்காட்சிக்காக இப்திஹால் ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். எடுத்துக் கொடுக்கப் போனபோது அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான், நாடாவோடு வேண்டும் என்று.

"அண்ணிக்குத் தெரிய வேண்டாம் டீச்சர். கடைக்கு உள்ளே, என் மேஜைக்கு மேலே மாட்டிக்கறேன். ஒரு ஃபாத்திஹாவாவது ஓதணும்ல அவனுக்கு. நான் தம்பி."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இப்திஹால் மனசுக்குள் எப்போதோ அவனை அடக்கம் செய்தாயிற்று, சுந்துஸ் முகத்துக்காக வாயைத் திறக்காமல் இருந்தாள். நாடாவை எடுத்து மூலையில் வைத்தாள். சேமித்தாள். அன்று வரிசையாகப் பதினோரு படம். வேகத்தில் வேறு பெயர் கொடுக்காமல், மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிட்டாள். மாணவிகளுக்கு வருஷா வருஷம் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்த விஷயம் அது, மூலத்தின் மேல் சேமிக்காதே என்று. தான் அதைச் செய்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

ரஃபலுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சுந்துஸ் போட்டோ எதுவும் கொண்டு வரவில்லை, கொண்டு வர அவளிடம் ஒன்றும் இல்லை. ரஃபலின் பள்ளிப் படங்களை ஆசிரியைகளிடமிருந்தும் சிநேகிதிகளிடமிருந்தும் இப்திஹாலே தேடிப் பிடித்தாள். அப்பாவுக்கு அந்த ஒற்றைப் படம். குரல் நான்தான் கொடுப்பேன் என்று சுந்துஸ் சொன்னாள். மின்சாரம் போகும்வரை இரண்டு பேரும் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றிப் பேசினார்கள். ஊர் அடங்கியதும் சுந்துஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதி வைத்த காகிதத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ரஃபலின் அப்பாவோடேயே பேசினாள்.

"அபூ ரஃபல், இங்க பாருங்க. உங்க மக இன்னிக்கு மணப்பொண்ணு. எல்லாத்தையும் நான் ஒருத்தியே பார்த்தேன். மண்டபம் நான்தான் பிடிச்சேன், மாப்பிள்ளைக்கு வாட்ச் நான்தான் எடுத்தேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னா அப்புறம் குறை சொல்லக் கூடாது. கோபம் இருக்கு, இல்லாம இல்ல. நீங்க வாங்க. வந்ததும் வச்சுக்கறேன்."

கடைசி வார்த்தையில் அவளே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை வெட்ட வேண்டாம் என்று இப்திஹால் அப்படியே வைத்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல பதிவு அவள் கைக்கு வந்ததில்லை. அதற்காக நாலு நாள் உட்கார்ந்து வேலை செய்தாள். முவஃபக்கின் முகம் திரை முழுக்க நிறைந்து தொடங்க வேண்டும். குரல் போகப்போகப் படம் மெல்லப் பின்வாங்கி, தோளும் மரமும் தெரிந்து, "நீங்க வாங்க" என்ற இடத்தில் முழுப் படமும் திரைக்குள் வந்து நிற்க வேண்டும். அந்தக் கணக்கைச் சரிசெய்ய இருபது தடவையாவது ஓட்டிப் பார்த்தாள். இருபது தடவையும் மூலையில் நாடா இருந்தது. அவள் பார்த்தது முகத்தை, கேட்டது குரலை. ஆண் படம் ஒன்றில் இருக்க வேண்டியது எதுவோ அது இருந்தது, கண் தாண்டிப் போயிற்று. இதைப் பிற்பாடு அவள் எத்தனை பேரிடம் சொல்லியும் யாரும் நம்பவில்லை. நான் நம்புகிறேன். அந்த வருஷங்களில் மோசுலில் நடந்து போனவர்களுக்குப் புரியும்.

வியாழக்கிழமை கல்யாணம். பெண்கள் மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். சுந்துஸ் பச்சைப் பட்டில் முன்வரிசை சோபாவில் இருந்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நிறம் உடுத்தியிருக்கிறாள் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். ரஃபலின் பள்ளிப் படங்கள் வந்தன, முன்பல் விழுந்த படத்துக்குச் சிரித்தார்கள், பரிசு வாங்கிய படத்துக்குக் குலவையிட்டார்கள். பிறகு ஊது என்ற நரம்பு வாத்தியம் ஒன்று மட்டும் மெல்ல ஒலித்தது, முவஃபக்கின் முகம் வந்தது, மண்டபம் அமைதியானது. அவனிடம் மின்சாரம் வாங்கிய பழைய தெருக்காரிகள் நாலைந்து பேர், இவனா, அட நம்ம ஜெனரேட்டர்காரன் என்று தங்களுக்குள் முனகிக்கொண்டார்கள்.

குரல் பேசிக்கொண்டே போனது. படம் பின்வாங்கியது. தோள் வந்தது, மரம் வந்தது, கடைசியில் மூலையிலிருந்து கறுப்பு நாடா உள்ளே நகர்ந்து வந்தது. "நீங்க வாங்க" என்று சுந்துஸின் குரல் சொன்னபோது நாடா முழுசாகத் தெரிந்தது.

வாழும் கணவனைக் கூப்பிட்ட குரல், அந்த ஒரு பட்டையால் ஒப்பாரியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தைக்கு வேறென்ன தோன்றும்? ஒருவழியாக இவள் மனசைத் தேற்றிக்கொண்டாள், மகள் கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றுதான் அந்த அம்மாள் நினைத்தாள். எழுந்து நின்று, இறந்தவனுக்காக ஓதச் சொல்லி "அல்ஃபாத்திஹா" என்றாள். இருநூறு பெண்களும் உள்ளங்கைகளை விரித்தார்கள். வளையல்கள் சரிந்த சத்தம் கேட்டது. பலர் விசும்பினார்கள்.

சுந்துஸ் முதலில் திரையைப் பார்த்தாள். பிறகு திரும்பி அத்தனை கைகளையும் பார்த்தாள். பிறகு ஓரத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த இப்திஹாலைப் பார்த்தாள்.

இப்திஹாலுக்கு அப்போதுதான் நாடா கண்ணில் பட்டது. பதறிப்போய் விசையைத் தட்டினாள். நிறுத்துவதற்குப் பதிலாக, ஓடுவதை அப்படியே உறையவைக்கும் விசையை அழுத்திவிட்டாள். குரலும் இசையும் நின்றன. முவஃபக் மட்டும் நாடாவோடு திரை நிறைய அசையாமல் நின்றான். ஏற்பாடு என்று நினைத்து மண்டபம் இன்னும் உருகியது. இப்திஹால் எழுந்து ஓடிப் புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கினாள்.

மறுநாள் காலையிலிருந்தே சுந்துஸ் வீட்டுக்குக் கறுப்பு உடுத்திய பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கல்யாண வீடு என்பதால் மூன்று நாள் பொறுத்துப் போகலாம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்களாம். எட்டு வருஷம் பொறுத்தாயிற்று, இனி என்ன பொறுப்பது என்று மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவளை வாசலோடு திருப்பி அனுப்ப சுந்துஸால்கூட முடியவில்லை. அவர் இறந்ததாக எனக்குச் செய்தி எதுவும் இல்லை என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். அவர்கள் தலையை ஆட்டி, பொறுமை கொடுக்கட்டும் கண்ணு என்று முதுகைத் தடவினார்கள். வேறு வழியில்லாமல் சர்க்கரை இல்லாத காப்பி போட்டுக் கொடுத்தாள். தன் கையால் தன் புருஷனுக்குத் துக்கக் காப்பி போட்டாள்.

இப்திஹால் மூன்று நாளும் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. போய் என்ன சொல்வாள்? மூலப் படத்தைத் தேடினாள். ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்தாள், பழைய சிடிக்களைப் போட்டுப் பார்த்தாள், கானிம் கல்யாணப் படக்காட்சியின் சிடி கீறல் விழுந்து ஓடாமல் கிடந்தது. அவள் கைக்கு வந்த ஒவ்வொரு முவஃபக்குக்கும் மூலையில் கறுப்பு இருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் சுந்துஸ் தானே வந்தாள். சலாம் சொன்னாள். எப்போதும் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எடு" என்றாள்.

"சுந்துஸ், நான் தெரியாம..."

"தெரிஞ்சா தெரியாமலான்னு நான் கேட்கல. அந்தக் கறுப்பை எடு. என் கண்ணு முன்னாடி எடு."

எடுக்க முடியாது என்று இப்திஹால் மென்று விழுங்கிச் சொன்னாள். அது படத்தின் மேலே வைத்த தனித் துண்டாக இல்லை, படத்தோடு ஒட்டிப் போய்விட்டது, அடியில் இருந்தது அழிந்துபோயிற்று என்றாள். எப்போது ஒட்டியது என்று சுந்துஸ் கேட்டாள். அஞ்சு வருஷம் ஆகிறது என்றாள் இப்திஹால். யாருக்காக என்று கேட்டாள். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று கானிம் வந்ததையும், கடைக்குள்ளே மாட்டியிருப்பதையும் இப்திஹால் சொன்னாள்.

சுந்துஸ் கத்தியிருந்தால் இப்திஹாலுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. திரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருஷமா என்கூட உட்கார்ந்து விதை கொறிச்சே. அவரைப் பத்தி நான் பேசும்போதெல்லாம் உம் கொட்டினே. உள்ளுக்குள்ள நாடா போட்டு வச்சுக்கிட்டு."

மரமும் வானமும்தான் அடியில் இருந்திருக்கும், பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அதே மாதிரி வரைந்து மூடிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்று மட்டும் இப்திஹால் மெல்லச் சொன்னாள்.

"மரம் இல்ல, வானமும் இல்ல. என் கை இருந்துச்சு அங்க. வெயில் கண்ணுல அடிக்குதுன்னார், ஓரமா நின்னு மேல கையை நீட்டி நிழல் பிடிச்சேன். அதை நீ எதைப் பார்த்து வரைவே?"

அப்போதுதான் இப்திஹாலுக்கு ஞாபகம் வந்தது. ஸ்கேன் செய்தபோது அந்தக் கையைப் பார்த்திருக்கிறாள். யார் கை இது, படத்தைக் கெடுக்கிறது, வெட்டிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். இந்த அறையில் அழ உரிமை உள்ளவள் அவள் இல்லை.

சுந்துஸ் ஒரு பிரதி அச்சடிக்கச் சொன்னாள். காகிதம் வெளியே வந்ததும் மேஜையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து, நாடா இருந்த மூலையைக் குறுக்கே வெட்டி எறிந்தாள். மூலை இல்லாத படத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். கம்ப்யூட்டரில் இருந்த படத்தை அழிக்கச் சொன்னாள், அழித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இனிமே அவரை நாடாவோட யாருக்கும் காட்ட மாட்டேன்னு எனக்கு வாக்குக் கொடு. அந்தத் தம்பி வந்து கேட்டாலும் சரி, யாரு வந்தாலும் சரி. குர்ஆன் மேல கை வைக்கச் சொல்லல. உன் வாய் வார்த்தை போதும்."

இப்திஹால் வாக்குக் கொடுத்தாள். மனப்பூர்வமாகத்தான் கொடுத்தாள். மறுநாள் தானே போய் சுந்துஸ் வீட்டு முன்னறையில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தியிடமும், இது என் கைப்பிழை, எனக்கும் சுந்துஸுக்கும் அவரைப் பற்றிச் செய்தி எதுவும் தெரியாது என்று சொன்னாள். பள்ளியில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அறியாதவள், தன்னிடம் படித்த பெண்களிடமெல்லாம் கேட்டாள். அவர்கள் அவளையும் முதுகில் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாவம், சிநேகிதிக்காகப் பொய் சொல்கிறாள் என்று படியில் இறங்கும்போது ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. சுந்துஸுக்கும் விழுந்தது.

ஏழாம் நாள் புதுப்பெண் தாய் வீட்டுக்கு வரும் நாள். ரஃபல் அங்கே போவதற்கு முன்னால் இப்திஹால் வீட்டுக் கதவைத் தட்டினாள். கை நிறைய வளையல், புதுத் தலைத்துணி, கண்ணுக்கு மை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே கேட்டாள்.

"டீச்சர், அப்பா படம் இருக்கா? நாடா போட்டது."

இல்லை, அம்மா முன்னால் அழித்துவிட்டேன் என்றாள் இப்திஹால். அதோடு, உன்னிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், உன் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று தொடங்கினாள். ரஃபல் அதைக் காதில் வாங்கவில்லை.

"படத்தை அழிச்சீங்க. மண்டபத்துல ஓட்டினீங்களே, அது இருக்கும்ல? நீங்க செஞ்ச எதையும் தூக்கிப் போட மாட்டீங்க, எனக்குத் தெரியும்."

இருந்தது. பென் டிரைவில் அப்படியே இருந்தது. அழிக்க எடுத்தவள் அந்தச் சிரிப்புக்காக அழிக்காமல் வைத்துவிட்டாள். அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், காட்ட மாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

ரஃபல் முக்காலியில் உட்கார்ந்தாள். வளையலைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"அவரைக் கூட்டிட்டுப் போனப்போ எனக்குப் பன்னிரண்டு வயசு டீச்சர். அன்னிலேர்ந்து நான் அவருக்காக அழுதது இல்ல. கண்ணு கலங்கினாலே அம்மா பார்ப்பாங்க, நானே அவரைக் கொன்னுட்ட மாதிரி. அன்னிக்கு மண்டபத்துல எல்லாரும் கையைத் தூக்கினாங்களா, நானும் தூக்கினேன். முதல் தடவையா. பாதிகூட ஓதல, நீங்க வயரைப் பிடுங்கிட்டீங்க."

தண்ணீர் கொடுத்தாள் இப்திஹால். ரஃபல் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"முடிக்கணும் டீச்சர். ஒரே ஒரு தடவை. புகுந்த வீட்டுல படம் இல்லாம ஓதிப் பார்த்தேன், அவர் முகமே எனக்கு வரல."

இப்திஹால் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு தெரு தள்ளி சுந்துஸ் மகளுக்காகக் கறி அடைத்த குப்பா செய்துகொண்டிருப்பாள். சுவரில் மூலை வெட்டின படம் தொங்கும். ஒரு வீட்டில் ஒருத்திக்கு அவன் உயிரோடு இருந்தாக வேண்டும், இன்னொருத்திக்கு அவன் இறந்தாக வேண்டும், இரண்டுக்கும் இருப்பது அதே படம். இருபது வருஷமாக ஊர் முகங்களை வரிசைப்படுத்திய அவளுக்கு இதை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியவில்லை. இந்தப் பெண் சுமந்துகொண்டு திரிந்ததை இத்தனை வருஷமும் தானும் பார்க்கவில்லையே என்று அவள் மேல் அவளுக்கே கோபம் வந்தது.

பென் டிரைவை எடுத்துச் சொருகினாள்.

"அம்மா குரலை அணைச்சிடுங்க டீச்சர்" என்றாள் ரஃபல். "அம்மா வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது என்னால ஓத முடியாது."

இப்திஹால் குரலை அணைத்தாள். இசையையும் அணைத்தாள். முவஃபக்கின் முகம் திரை நிறைய வந்தது, சத்தமில்லாமல் பின்வாங்கியது. தோள் வந்தது, மரம் வந்தது, மூலையில் நாடா வந்தது. முழுப் படமும் வந்து நின்ற இடத்தில், இந்தத் தடவை வேண்டுமென்றே, அந்த உறையவைக்கும் விசையை அழுத்தினாள். ரஃபல் உள்ளங்கைகளை விரித்து மெல்லிய குரலில் முதலிலிருந்து ஓத ஆரம்பித்தாள். மை கரைந்து கன்னத்தில் வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

வாக்குக் கொடுத்து முழுசாக மூன்று நாள் ஆகவில்லை. சுந்துஸுக்குத் தெரியாமல் அவள் புருஷனை இரண்டாவது தடவையாக அடக்கம் செய்கிறோம் என்று இப்திஹாலுக்குத் தெரிந்தது. தெரிந்தே கைகளை விரித்து, ரஃபலோடு சேர்ந்து ஓதினாள்.